எங்கள் பீரோவில் அடுத்தவர் பத்திரம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, அப்பா தவறி ஆறு மாதம் கழிந்திருந்த நேரம். தொண்டாமுத்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் நடந்தது இது. இன்றைக்கும் என்னால் சிரித்துக்கொண்டே சொல்ல முடியவில்லை.

நான் ஒரே பெண். அம்மா நான் காலேஜ் படிக்கும்போதே போய்விட்டார். அப்பா கட்டிய வீட்டில்தான் நானும் என் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறோம். எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. அப்பா பெயரில் இருந்த பட்டாவை என் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். ஃபைல் அடுக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, கரண்ட் கார்டு எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்து இ-சேவை மையத்தில் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று வந்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் வி.ஏ.ஓ. கூப்பிட்டு அனுப்பினார். வரைபடத்தை மேஜையில் விரித்துப் பேனாவால் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

“உங்கப்பா பேர்ல இருக்கிறது மலையோரத்துப் பூமிங்க. நீங்க ஊடு கட்டியிருக்கிறது ரோட்டோரத்துல. அது வேற ஆளு பேர்ல இருக்குதுங்க.”

மனிதர் வரைபடத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். திருப்பி வைத்துப் பார்த்தேன். அப்படியும் எங்கள் வீடு எங்களிடம் வரவில்லை.

வேறு ஆள் என்றால், மலையோரத்தில் குடியிருந்த பக்கத்துத் தோட்டத்து மாமா. அவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. அத்தை மட்டும் அங்கே தனியாக இருக்கிறார், மகன் திருப்பூரில். மாமா, அத்தை என்பதெல்லாம் பழக்கத்தில் வந்ததுதான், உறவு கிடையாது. ஆக, எங்கள் வீடு அவர்கள் பூமியில் நிற்கிறது, அவர்கள் வீடு எங்கள் பூமியில் நிற்கிறது. இதை என் கணவரிடம் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கே மறந்துவிட்டது, எது யாருடையது என்று.

அப்பாவின் பீரோவைக் குடைந்தேன். எங்கள் மூலப்பத்திரம் இல்லை. அந்த இடத்தில் பத்திரமாக மடித்து வைத்திருந்தது மாமாவின் பத்திரம். அடுத்தவர் பத்திரம் எங்கள் பீரோவில் என்ன செய்கிறது? எங்களுடையது எங்கே போனது? இரண்டு நாள் தூக்கமே இல்லை. டவுனில் ஒரு பத்திர எழுத்தரிடம் போய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “பத்திரத்த மாத்திக் குடுத்து ஏமாத்திப்போட்டாங்களோ என்னமோங்க” என்றார்.

அவர் சந்தேகமாகச் சொன்னதை நான் உறுதியாக எடுத்துக்கொண்டேன். அப்பா வெள்ளந்தி மனுஷர். யார் எதை நீட்டினாலும் வாங்கி வைத்துக்கொள்வார். அவ்வளவுதான், கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை போய் மனுக் கொடுத்துவிட்டேன். ‘எனது தகப்பனாரை ஏமாற்றி’ என்று தொடங்கி, மாமாவின் பேரில் இரண்டு பக்கம். எழுத்து அழகாக வந்திருக்கிறது என்று ஒரு திருப்தி வேறு.

அதன் பேரில் ஒருநாள் சர்வேயர் அளக்க வந்தார். அளந்து முடித்து, கிணற்றிலிருந்து எங்கள் கேட் வரைக்கும் கையை வீசிக் காட்டி, “இது அத்தனையும் ரெக்கார்டுப்படி அந்தம்மாவுதுங்க” என்றார். மனுக் கொடுத்து நானே வம்பை விலைக்கு வாங்கிவிட்டேனா என்று அப்போதுதான் உறைத்தது. அத்தை ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாங்கள் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அத்தை மஞ்சப் பையோடு நடந்து வந்துகொண்டிருந்தார். அவருக்கும் நோட்டீஸ் போயிருந்தது.

“ஏனுங்கம்மா, இந்த இடம் உங்களுதுங்களா?” என்று கேட்டார் சர்வேயர்.

“காயிதத்துல என்னுதுங்க. பூமி இவளுதுங்க.”

சர்வேயர் என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை வரப்பில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

“அப்ப இவ கைக்கொழந்தைங்க. இவங்க மலையோரத்துல குடியிருந்தாங்க. ஒருநா யானை எறங்கிச் செவுத்தச் சாய்ச்சுப்போட்டுது. கொழந்தைய வெச்சுக்கிட்டு இனி இங்க இருக்கமாட்டேன்னு இவங்கம்மா ஒரே அழுகை. எங்களுக்கு அப்பக் கொழந்தை இல்லீங்க. நாங்க அங்க போயிக்கறோம், நீங்க ரோட்டோரம் வந்துருங்கன்னு எங்கூட்டுக்காரர் சொல்லிப்போட்டாரு. கோயல்ல வெச்சு வெத்தலபாக்கு மாத்தி, ரெண்டு பத்திரத்தையும் கைமாத்திக்கிட்டாங்க. அத்தோட எல்லாம் முடிஞ்சுதுன்னு இருந்துட்டாங்க.”

பத்திரத்தைக் கை மாற்றிக்கொண்டால் பூமியும் மாறிவிடும் என்று இரண்டு பேருமே நம்பியிருக்கிறார்கள். அப்பா ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய ஒரு விஷயமாகவே அவருக்கு அது படவில்லை போலிருக்கிறது.

அத்தை மஞ்சப் பையிலிருந்து எங்கள் மூலப்பத்திரத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அப்புறம்தான் கேட்டார்.

“மாமா ஏமாத்திப்போட்டாருன்னு எழுதியிருந்தியாமா கண்ணு. என்னயக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

குரலில் கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். இல்லை. எல்லா ஆபீசிலும் கேட்டேன், இ-சேவையில் கேட்டேன், பத்திர எழுத்தரிடம் கேட்டேன். நாள் தவறாமல் பார்க்கிற அத்தையிடம் மட்டும் கேட்கவில்லை. எனக்காக யானை வருகிற இடத்துக்குக் குடிபோன மனிதரை, அவர் இல்லாத காலத்தில், ஏமாற்றுக்காரர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கேயே, சர்வேயர் முன்னால், அழுதுவிட்டேன்.

மனுவை வாபஸ் வாங்கினேன். அடுத்த மாதமே பரிவர்த்தனைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தோம். அத்தையின் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திருப்பூரிலிருந்து வந்தார். ரோட்டோரம் இன்று என்ன விலை போகிறது என்று அவருக்குத் தெரியும். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார், அவரும் கையெழுத்துப் போட்டார். சார்பதிவாளர், “சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்கறீங்களாம்மா?” என்று கேட்டதற்கு, “அன்னைக்கே சம்மதிச்சதுதானுங்க, இன்னைக்கு எழுதறோம்” என்றார் அத்தை.

இப்போது எல்லாக் காகிதமும் சரியாக இருக்கிறது. எனக்குள் ஒன்று மட்டும் சரியாகவில்லை. காகிதம் என் பக்கமும் வீடு அத்தை பக்கமும் இருந்து, எதிரே அவர் தலை குனிந்து நின்றிருந்தால், பூமி அவருடையது என்று நான் சொல்லியிருப்பேனா என்று அடிக்கடி கேட்டுப் பார்க்கிறேன். ஆமாம் என்று சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை.