அதே இடம், அதே மாடு

குனிந்து புல்லை விலக்கி, மண்ணில் அறைந்திருந்த மரமுளையைத் தேடிப் பிடித்துவிட்டார் ஜெகதீஸ்வரன். "இஞ்சை வையுங்கோ. மூண்டு வருசத்துக்கு முன்னம் கமரா நிண்ட இடம் இதுதான்." மெட்ராஸிலிருந்து வந்த படப்பிடிப்புக் குழு பயபக்தியோடு கமராவை அங்கே நிறுத்தியது. ஒருவர் பழைய பாட்டின் புகைப்படத்தை எடுத்து எதிரே இருந்த மலையோடு ஒத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

சுவிஸ் நகரமான இன்டர்லாக்கனில், ஹோட்டல் ஒன்றின் குசினியில் ஆறு நாள் சட்டி கழுவுகிறவர். ஏழாம் நாள் அவர் சினிமாக்காரர். 1985இல் இந்தப் புல்வெளியில் எடுத்த ஒரு பாட்டு ஊரெல்லாம் பிய்த்துக்கொண்டு போனது. அன்று குடை பிடிக்கப் போனவர், எதற்கும் இருக்கட்டும் என்று முளையொன்றை அடித்துவிட்டு வந்தார். அதன்பின் ஏழு படங்களின் நாயகிகள் அந்த முளைக்கு நேரே அதே சரிவில் உருண்டுவிட்டார்கள். வருகிறவர்களுக்குப் பாட்டில் வந்த மாடுகூட அதே மாடுதான் வேண்டுமாம். அது போன வருடமே இறைச்சிக்குப் போய்விட்டது. "ஓம் ஐயா, அதே மாடுதான்" என்று கூசாமல் சொல்லி வேறொன்றைக் கொண்டுவந்து நிறுத்துவார்.

அவருக்கென்றும் ஒரு இடம் இருந்தது. ஏரிக்கரையில் சரளைக்கல் அள்ளும் இடம். முன்னால் கல் குவியல்கள், பின்னால் பனிமலை. "கதாநாயகி ஆட வேண்டாம், பாட்டும் வேண்டாம். அந்தக் கல்லுகளுக்கை தனிய நிண்டு அழட்டும். சனம் சாகுமட்டும் மறக்காது" என்று வருகிற குழுவிடமெல்லாம் கெஞ்சியிருக்கிறார். ஒருவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவரைப் போலவே அகதியாய் வந்து கூடச் சட்டி கழுவும் வரதராசாவோ, "அழுறதுக்கு அவையள் ஏன் சுவிசுக்கு வரோணும்? நாங்கள் இஞ்சை இருக்கிறது காணாதே?" என்று கடிப்பார்.

இந்த முறை வந்த இளம் இயக்குநர் காதுகொடுத்துக் கேட்டார். கேட்டதோடு நில்லாமல் மறுநாளே வந்து, கல் குவியலையும் பனிமலையையும் விரல்களால் சட்டம் போட்டுப் பார்த்தார். "அண்ணே, இதுதாண்ணே என் படம்!" ஜெகதீஸ்வரன் ஓடிப்போய், நாயகி நிற்கவேண்டிய இடத்தில் நின்று காட்டினார். மூன்று வருட ஏக்கமல்லவா.

பின்னாலேயே வந்த தயாரிப்பாளர் காரை விட்டு இறங்கவே யோசித்தார். "தம்பி, ஜனங்க ஏற்கெனவே பாத்ததைத்தான் திரும்பப் பாக்க வருவாங்க. கோடி ரூபா போட்டு கல்லைக் காட்டவா?" இயக்குநர் விடவில்லை. வாக்குவாதம் முற்றியது. கடைசியில் தயாரிப்பாளர் ஜெகதீஸ்வரன் பக்கம் திரும்பினார்.

"ஏழு படம் பாத்தவரு, இவரே சொல்லட்டும். இங்க எடுக்கலாமா? படம் ஓடலேன்னா உங்க பேரைச் சொல்லி மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தனும் வரமாட்டான், பாத்துக்குங்க."

இயக்குநர் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஓம்" என்ற ஒரு சொல் போதும். ஆனால் படம் படுத்துவிட்டால்? மெட்ராஸிலிருந்து தொலைபேசி வராது. ஏழாம் நாளும் சட்டிதான்.

உச்சி வெயில். கல்லெல்லாம் பளீரென்று அடித்தது.

"இடம் நல்ல இடந்தான், தம்பி" என்றார் ஜெகதீஸ்வரன், கூசும் கண்களுக்கு மேல் கையைக் குவித்து வைத்துக்கொண்டு. "படமெடுக்க வெளிச்சந்தான் காணாது."