ஸ்டோரில் இல்லாத செயலி

மகளுக்கு எட்டு வயதில் சர்க்கரை நோய் வந்தது. கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் ஒன்று வாங்கினோம். ஊசி குத்தாமலே சர்க்கரை அளவு தெரியும். ஆனால் அந்தக் கம்பெனியின் செயலி எங்கள் பழைய போன்களில் திறக்கவே இல்லை. இதே நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் குழுவில் புலம்பினேன். மதுக்கரைக்காரர் ஒருவர் ஒரு கோப்பை அனுப்பினார். நம்மைப் போன்ற பெற்றோர் யாரோ எழுதிய செயலி, போனின் ஸ்டோரில் கிடைக்காது என்றார்.

தெரியாத இடத்திலிருந்து வருவது தீங்கு செய்யலாம் என்று போன் எச்சரித்தது. எழுதியவர் யாரென்று எனக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அனுமதித்து, என் போனிலும் மகளின் போனிலும் ஏற்றினேன்.

மகளின் போன் வகுப்பில் டீச்சரின் மேசையில் இருக்கும். அதிலிருந்து எண் என் போனுக்கு வரும். இரண்டாம் வாரம், சூலூரில் நான் வேலை செய்யும் ஆபீசில் இருந்தபோது 90, 74, 61 என்று மடமடவென்று இறங்கியது. டீச்சரைக் கூப்பிட்டேன். பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவளுக்குக் கை நடுங்கியிருக்கிறது. உடனே குளுக்கோஸ் கொடுத்தார்.

அன்று கொடுத்த அனுமதியைத் திரும்ப மூட வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சில மாதம் கழித்துத் தோழியின் எண்ணிலிருந்து புதுமனை புகுவிழா அழைப்பிதழ் வந்தது. தொட்டேன். போன் முன்போலத் தடுக்கவில்லை. ஏற்றவா என்று மட்டும் கேட்டது. சரி என்றேன். எதுவும் திறக்கவில்லை. சற்று நேரத்தில் மதுக்கரைக்காரர் கூப்பிட்டார்.

"அம்மணி, உங்க நெம்பர்ல இருந்து ஏதோ பத்திரிகை வந்திருக்குதுங்க. நான் தொடலீங்க. மொதல்ல நெட்டை நிறுத்திப்போட்டு பேங்குக்குச் சொல்லிருங்க."

அழைப்பிதழ் என்று வந்தது திருட்டுச் செயலி; தோழியின் போனிலிருந்து எனக்கு வந்ததுபோலவே என் போனிலிருந்தும் எல்லோருக்கும் போயிருந்தது. நல்லவேளை, பணம் போகவில்லை. கடையில் போனை முழுக்க அழித்துக் கொடுத்தார்கள். சர்க்கரைச் செயலியை மறுபடி ஏற்றக் கூடாது என்று என் கணவர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

"ரெண்டும் வெளிய இருந்து வந்ததுதான?" என்றார்.

அடுத்த இரண்டு நாளும் ஆபீசில் என்னால் உட்கார முடியவில்லை. பீரியட்டுக்கு ஒருமுறை டீச்சரைக் கூப்பிட்டேன். பாடம் நடத்த வேண்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் மெதுவாகச் சொன்னார். இரண்டாம் நாள் மதியம் பொறுக்க முடியாமல் பள்ளிக்கே போனேன். கேட்டுக்கு வெளியே கணவரின் வண்டி நின்றது. ஒரு மணி நேரமாக அங்கேயே நிற்கிறாராம்.

என்னைப் பார்த்ததும், "அதையே ஏத்திப்போடு" என்றார்.

பீரோவில் கிடந்த வேறொரு போனில் ஏற்றினேன். அதில் பேங்க் இல்லை, குழுக்கள் இல்லை, அந்த எண் மட்டும். இந்த முறை அனுமதியை உடனே மூடினேன்.

போன வாரம் அந்தச் செயலி புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டது. நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாமல் மூன்று நாள் தள்ளிப்போட்டேன். பிறகு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மூடிய அனுமதியை மறுபடி திறந்து அழுத்தினேன். திரையில் எண் திரும்ப வரும்வரை அவளை எழுந்துபோக விடவில்லை.