குந்தவைக்குப் போடாத நிறம்

எந்த வீட்டு வாசலில் ஏறினாலும் செந்தாமரை ஒரு நொடி நிற்பாள். புறங்கையால் மூக்கின் இரு பக்கமும் ஒற்றிக்கொள்வாள். "இவ மூஞ்சியில அப்பளம் பொரிக்கலாம்டி" என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொன்ன நாளில் தொடங்கிய பழக்கம். வேதியியலில் பட்டம் வாங்கிய பிறகும், கீழ்வேளூரில் மணப்பெண் அலங்காரத்துக்குப் பேர் எடுத்த பிறகும் அது போகவில்லை.

தெருவில் முதல் பட்டதாரி அவள். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். வேலை தேடி அலுத்து, தஞ்சாவூரில் மூன்று மாதம் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தாள். எண்ணெய் வழியும் முகத்தைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சொந்த முகத்திலேயே எல்லாம் பார்த்துவிட்டாள். கழுவித் துடைத்து, மெல்லிசாக ஜெல் தடவி, அது காயும் வரை பொறுக்க வேண்டும். கனமாக அப்பினால் வழியும். பவுடரை ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. முக்கியமாக, முகத்தின் நிறத்துக்கே ஃபவுண்டேஷன் பூச்சு போட்டால் வியர்த்தாலும் காட்டிக்கொடுக்காது.

அவள் நிறத்துக்கான பாட்டில் பையின் அடியில் கைக்குட்டைக்குள் சுற்றிக் கிடக்கும். யார் முன்னாலும் அதை எடுத்ததில்லை. மேக்கப் போடுகிறவளே இருப்பதிலேயே கறுப்பான நம்பர் போடுகிறாள் என்று தெரிந்தால் எவள் வருவாள்?

அடுத்த தெருக் குந்தவைக்கு ஆனி மாதம் கல்யாணம். அதே நிறம், அதே எண்ணெய் முகம். மணமகள் அறையில் உறவுக்காரப் பெண்கள் சூழ்ந்திருந்தார்கள்.

"அக்கா, உங்க மூஞ்சிக்கு என்ன போடுவீங்களோ அதையே போட்டுவிடுங்க. உங்களுக்கு மட்டும் எப்படி வழியவே மாட்டேங்குது?" என்றாள் குந்தவை.

செந்தாமரையின் கை பைக்குள் போனது. கைக்குட்டை முடிச்சு விரலில் பட்டது.

அதற்குள் குந்தவையின் அம்மா ராமாயி, "மாப்ள வீட்டுல எல்லாம் செவப்பு. ரெண்டு கலர் ஏத்திப் போடும்மா, ஒனக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள். அறையே தலையாட்டியது.

"என் ஸ்கின்னு வேறம்மா. எனக்கு எண்ணெயே வடியாது" என்று குந்தவையிடம் சொன்னாள் செந்தாமரை. வெளியே வந்த கையில் வெளுத்த நிறத்துப் பாட்டில் இருந்தது.

அந்தப் பூச்சு ஒரு மணி நேரம் தாங்கும். அதற்குள் தாலி கட்டிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டாள். மந்திரம் இல்லாத, தலைவர்கள் வாழ்த்திப் பேசி நடத்திவைக்கிற கல்யாணம் அது. பத்திரிகையில் நான்கு பேர் பெயர் இருந்தது. மேடையில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பேசிய பிறகுதான் தாலி.

ஏழாவதாக எழுந்த கண்ணுசாமி மைக்கைத் தட்டிப் பார்த்தார். "கறுப்புன்னா கேவலமாய்யா? வெயில்ல நின்னு ஒழைச்ச நெறம் இது! இதுக்கு நாம ஏன் வெக்கப்படணும்?"

கைதட்டினார்கள். தட்டிக்கொண்டே எல்லோரும் மணப்பெண்ணைப் பார்த்தார்கள். அவள் நெற்றியில் வெள்ளைப் பூச்சு திட்டுத் திட்டாகப் பிரிந்திருந்தது. குந்தவை புறங்கையால் மூக்கின் இரு பக்கமும் ஒற்றினாள். இரண்டு கறுப்புக் கோடுகள் விழுந்தன.

"சுண்ணாம்பு அடிச்ச செவுரு மழையில நனைஞ்ச மாதிரில்ல இருக்கு!" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. சிரிப்பு பரவியது. தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்துக் கண்ணுசாமி குரலை உயர்த்தினார்.

செந்தாமரை தூணோரம் நின்றாள். மேடையேறி டிஷ்யூவால் ஒற்றிவிட்டிருக்கலாம். ஏறினால் யார் கைவேலை என்று ஊருக்கே தெரிந்துவிடும். அவள் ஏறவில்லை.

எல்லாம் முடிந்து குந்தவை முகம் கழுவிக்கொண்டு அறைக்கு வந்தாள். செந்தாமரை அவசரமாகச் சாமான்களை அடுக்கும்போது பை சரிந்து, கைக்குட்டை அவிழ்ந்து பாட்டில் உருண்டது. குந்தவை அதை எடுத்துத் திறந்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தாள். தேய்த்த இடமே தெரியவில்லை.

"இது யாருக்குக்கா?"

"எனக்கு."

குந்தவை பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா."

"மறுவீட்டுக்கு நீ வர்றப்ப நானே வந்து போட்டுவிடுறேன் குந்தவை. இதே பொடவையில நல்லதா ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

"வாங்கக்கா."

மறுவீட்டன்று தலைவலி என்று சொல்லி அனுப்பினாள் செந்தாமரை. வளைகாப்புக்கு வேறு முகூர்த்தம் இருப்பதாகச் சொன்னாள். மூன்று வருஷம் ஆகிவிட்டது. குந்தவை வீட்டில் கல்யாணப் படம் மாட்டவில்லை என்று ராமாயி ஒருநாள் கடைத்தெருவில் பேச்சுவாக்கில் சொன்னாள்.

குந்தவை வாழ்க்கைப்பட்ட ஊரான சிக்கல், பஸ்ஸில் கால் மணி நேரம். நாகப்பட்டினம் போகும்போதெல்லாம் அந்த நிறுத்தத்தில் செந்தாமரை புறங்கையால் மூக்கை ஒற்றிக்கொள்கிறாள். இறங்குவதில்லை. அந்த ஒரு போட்டோ இன்னும் பாக்கி.