இல்லாத பிரதேசத்திலிருந்து வந்த சரக்கு

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மூட்டை தூக்கி ஆரம்பித்தவன்; இன்று ஏழு லாரி ஓடுகிறது. துறைமுகத்தில் நான் எழுந்து வணக்கம் வைக்கிற ஒரே ஆள், சுங்க அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்க்கிற பென்சில். காதில் எந்நேரமும் பென்சில் செருகியிருப்பாள், அதனால் அந்தப் பெயர்.

சரக்கு வந்த நாட்டின் எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. எங்களுக்கு வருவதில் பாதி, எதிர்க்கரையில் இருந்த சின்னப் பிரதேசத்து மரம். திடீரென்று அந்தப் பிரதேசத்தைக் கலைத்து, வடக்கை ஒரு நாட்டோடும் தெற்கை இன்னொரு நாட்டோடும் சேர்த்துவிட்டார்கள். மறுநாளே பழைய எண்ணைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. இனி எந்த நாட்டின் எண்ணைப் போடுவது என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டாள்; பதில் இல்லை. 'மற்றவை' என்று போட்டால்தான் மரம் வெளியே போகும். போட்டாள்.

ஆண்டுப் பட்டியலில் அந்தப் பிரதேசத்துக்கு நேராகப் பூஜ்யம். வியாபாரம் பாதியாகிவிட்டது, அலுவலகத்தை மூடலாம் என்று கடிதம் வந்தது. பென்சிலுக்கு ஒரு பகல் ரயில் தூரத்துக்கு மாற்றல். வீட்டிலோ அப்பா படுத்த படுக்கை. அவரை எப்படித் தூக்கிக்கொண்டு போவாள்? அழுதுகொண்டே சாமான் கட்டினாள். பெட்டிகளுக்குக் கயிறு போட்டது நான்.

"அண்ணே, உங்க லாரியெல்லாம் காலியாவா ஓடுது?"

"காலியா ஓட்ட எனக்கென்ன பைத்தியமா? பத்தலைன்னுதானே போன மாசம் ஏழாவது வாங்கினேன்!"

"சரக்கே வரலைன்னு சொல்றாங்களே."

"அப்போ என் டிரைவருங்க காத்தையா ஏத்துறாங்க? ஆபீசர் வரட்டும், நானே கேக்குறேன்."

கேட்டேன். அலுவலகத்தை மூட மேலிடத்திலிருந்து வந்த ஆபீசர் கண்ணாடியைத் துடைத்தார்.

"பெரியவரே, எந்த நாடுன்னு தெரியாத சரக்கைக் கணக்குல சேர்க்க விதியில்லை."

பென்சில் அலமாரியைத் திறந்தாள். ஒவ்வொரு ஃபாரத்தின் ஓரத்திலும், எதிர்க்கரையில் மரம் ஏற்றிய துறைமுகத்தின் பெயர் பென்சிலில் இருந்தது. ஃபாரத்தில் கிறுக்கக் கூடாதென்று ஏற்கெனவே மெமோ வாங்கியவள். அந்தப் பயத்தில்தான் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை.

"கம்ப்யூட்டர் வாங்கலை சார். தாள் வாங்கிக்கிச்சு."

ஆபீசர் சிரித்துவிட்டார். வடக்குத் துறை ஒரு குவியல், தெற்குத் துறை ஒரு குவியல் என்று இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தார்கள். கூட்டிப் பார்த்தால் முந்தின வருஷத்தைவிட அதிகம்! மூடும் உத்தரவு ரத்து, மாற்றலும் ரத்து.

அன்று மத்தியானமே பென்சில் ஆளனுப்பினாள், பெட்டியைப் பிரிக்க முடியவில்லையாம். எப்படி முடியும்? நான் போட்ட முடிச்சு. போய் நானே அவிழ்த்தேன். முதல் பெட்டியில் அப்பாவின் போர்வை இருந்தது.