குலுக்கலில் விழுந்த வயல்

வடிவம்மாளுக்குக் கடன் என்ற சொல்லே ஆகாது. புருஷன் போன பிறகு ஆய்க்குடிக் குளத்து மடையடியில் இருந்த ஒன்றரை ஏக்கரைத் தனியாளாய்ப் பயிர் வைத்தாள். விதைநெல்லையும் வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்வாள். சொசைட்டிப் படி ஏறியதே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, இருக்கட்டுமே, உழைத்த திமிர்தானே.

எண்பத்தாறாம் வருஷம் குற்றாலத்தில் சாரல் பிய்த்து உதறியது. ஆனால் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. குளம் பாதிகூட நிரம்பவில்லை. அந்த மழையை நம்பி நட்ட பிசான நெல்லுக்கு மடையடி வயல்களில் மட்டும் தண்ணீர் ஏறியது. கடைமடையெல்லாம் கருகிப் போயிற்று.

கருகியவர்களுக்கு ஒரே நம்பிக்கை, சர்க்கார் புதிதாகக் கொண்டுவந்திருந்த பயிர் இன்சூரன்ஸ். சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் அது. அதிலும் அவனவன் வயலை யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். பல ஊர்கள் சேர்ந்த பிர்க்காவில் சில வயல்களைக் குலுக்கலில் எடுத்து, அறுத்து, நிறுத்து, விளைச்சல் சராசரி குறைந்திருந்தால் எல்லோருக்கும் நஷ்டஈடு. இல்லையென்றால் ஒருவருக்கும் இல்லை. அந்த ஊரில் குலுக்கல் விழுந்தது வடிவம்மாள் வயலுக்கு!

சேதி வந்த மறுநாள் காலையிலேயே கொழுந்தன் குற்றாலிங்கம் வந்து நின்றான். அவன் வயல் கடைமடையில் இருந்தது.

"மைனி, வாமடைய அடச்சிருங்க. உங்க வயலு விளைஞ்சா எங்க எல்லாரு வாயிலயும் மண்ணுதான்."

"பால் பிடிக்க நேரத்துல தண்ணிய நிறுத்தச் சொல்லுதியே. அம்புட்டும் மணி பிடிக்காம சாவியாப் போயிருமே. நான் கடனே வாங்கலல்லா, எனக்கு யாரு நஷ்டஈடு தருவா?"

"நாங்க ஆளுக்குக் கொஞ்சம் தாரோம் மைனி."

சொல்லும்போதே அவன் தலை கவிழ்ந்துவிட்டது. அவர்களிடம் தருவதற்கு என்ன இருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவன் போனதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். நாலு வெட்டு வெட்டி வாய்மடையில் மண்ணைப் போட்டாள். தண்ணீர் நின்றது. வரப்பில் உட்கார்ந்து கதிர் ஒன்றை நசுக்கிப் பார்த்தாள். வெள்ளையாய்ப் பால் விரலில் ஒட்டியது. இதைக் கொல்ல எனக்கு மனசு வராது என்று அழுதாள். கடைமடைப் பிள்ளைகளை நினைத்தும் அழுதாள். வெயில் ஏறியதும் எழுந்து, தானே போட்ட மண்ணைத் தானே இழுத்துவிட்டாள்.

அறுத்துப் பார்க்க வந்த அதிகாரி நல்ல மனிதர். அவரிடம் கெஞ்சினாள்.

"ஐயா, கடைமடையில ஒரு வயல அறுத்துப் பாருங்க. ஊரே அங்கனதான் கெடக்கு."

"குலுக்கல்ல வந்த நம்பர்மா. மாத்துறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல."

டேப்பைப் பிடித்து, முளை அடித்து, கயிறு கட்டி, அந்தச் சதுரத்தை அறுத்தார்கள். அங்கேயே அடித்து நிறுத்தார்கள். தராசு இறங்கியபோது வரப்பில் நின்ற கூட்டம் முள்ளையே பார்த்தது. "நல்ல வெள்ளாமைம்மா" என்றார் அதிகாரி. வேறு எந்த வருஷமானாலும் அந்த ஒரு வார்த்தைக்காக அவள் தெருவெல்லாம் பீற்றியிருப்பாள். அன்று, எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை.

பிர்க்காவில் இன்னும் பல வயல்களை அறுக்க வேண்டியிருந்தது. அதை யார் யோசிக்கிறார்கள்? நம் வயிற்றில் அடித்தது இவள்தான் என்று ஊர் தீர்ப்பெழுதிவிட்டது. அறுப்புக்குக் கூப்பிட்டால் ஒரு ஆள் வரவில்லை. கதிர் முற்றி மணி உதிர ஆரம்பித்தது. தண்ணீர் பாய்ச்சிக் காப்பாற்றியதைத் தரையில் சிந்தவா என்று, ஒற்றை ஆளாய் அரிவாளோடு இறங்கினாள். இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

அப்போது வரப்பில் ஆள் அரவம் கேட்டது. குற்றாலிங்கத்தின் பெண்டாட்டி மங்களேஸ்வரி, கையில் அரிவாளோடு. போன வருஷம்வரை ஆள் வைத்து அறுத்தவள், கூலிக்கென்று யார் வயலிலும் இறங்காதவள். வடிவம்மாள் நிமிர்ந்தாள்.

"வந்துட்டியாட்டி" என்றாள்.

"சமாதானமாயிட்டேன்னு நெனச்சுராதியக்கா. அறுக்கதுக்கு ஊருல வேற கதிரு மிச்சம் இல்ல. பிள்ளையளுக்குக் கஞ்சி வைக்கணும். கூலிய நெல்லாக் குடுங்க."

"கூலி என்னட்டி கூலி. வேணுங்கத அள்ளிட்டுப் போ."

"கூலி மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டு மங்களேஸ்வரி குனிந்து அறுக்கத் தொடங்கினாள்.