நாற்பத்திரண்டு கிலோ பூனை

பிராணிகள் ஆஸ்பத்திரியில் இருபது வருடமாக எடை பார்ப்பவள் அவள். பூனை தராசில் நிற்காது. அதைத் தூக்கிக்கொண்டு தானே ஏறி, பிறகு தன் எடையைக் கழிப்பாள். அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் எடை மனப்பாடம்: அறுபத்திரண்டு.

நாற்பத்தாறு வயதில், மகளின் பழைய மடிக்கணினியில் புரோகிராம் எழுதப் பழகினாள். கூண்டுக்குக் கூண்டு தொங்கும் அட்டைகளில் இருப்பதெல்லாம் திரையில் தெரிய வேண்டும். ஆறு மாத உழைப்பு. இன்று காலைதான் முதன்முதலாக ஓடவிட்டாள்.

“அக்கா, இந்தப் பூனை நாப்பத்திரண்டு கிலோவாம். அப்ப நான்தான் எலி” என்றார் டாக்டர், ஊசியைக் கீழே வைத்துவிட்டு.

கடைசியாகப் பதிந்த தடியன் என்ற நாயின் எடை அது. கிளியும் நாற்பத்திரண்டு. முயலும் நாற்பத்திரண்டு.

“எடைய வச்சுத்தான் மருந்து போடுறோம். மதியத்துக்குள்ள சரியாகலேன்னா பழைய அட்டையே போதும்க்கா.”

“ஆயிடும் டாக்டர்.”

மகளைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஒன்று அவளைக் குடைந்தது. எடையெல்லாம் ஒன்றாகிவிட்டது, சரி. பெயர்கள் மட்டும் எப்படித் தப்பின? பூனையின் பெயர் ‘உருண்டை’யாகவே இருக்கிறது, நாயின் பெயர் ‘தடியன்’ஆகவே இருக்கிறது.

புரோகிராமில் பெயரைப் பதியும் வரியையும் எடையைப் பதியும் வரியையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தாள். பெயருக்கு முன்னால் ‘செல்ஃப்’ இருந்தது, அந்தந்தப் பிராணிக்கு மட்டும் என்று பொருள். எடைக்கு முன்னால், எல்லாப் பிராணிக்கும் பொது அச்சான கிளாஸின் பெயரே இருந்தது: ‘பிராணி’.

நிமிர்ந்தாள். எதிர்ச் சுவரில் பலகை. ‘தண்ணீர் மாற்றும் நேரம்: நான்கு.’ அழித்து ஐந்து என்று எழுதினால் எல்லாக் கூண்டுக்கும் ஐந்துதான். அட்டை அப்படியல்ல. உருண்டையின் அட்டையில் என்ன எழுதினாலும் தடியனுக்கு ஒன்றும் ஆகாது.

“அடிப் பாவி, எடையப் போய்ச் சுவத்துல எழுதி வச்சிருக்கேனே!”

வந்த பிராணியெல்லாம் முந்தையதை அழித்துத் தன் எடையை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. இன்ஸ்டன்ஸ் வேரியபிள் என்று ஆறு மாதமாக ஒப்பித்தது இந்தக் கூண்டு அட்டையைத்தான்.

ஒரே ஒரு சொல்லை மாற்றினாள்: ‘பிராணி’ இருந்த இடத்தில் ‘செல்ஃப்’. எல்லாவற்றையும் மறுபடி பதிந்தாள். தடியன் நாற்பத்திரண்டு. முயல் இரண்டு. உருண்டை நான்கு.

டாக்டர் திரையைப் பார்த்து ஊசியை எடுத்தார்.

“இருங்க டாக்டர்.” பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினாள்.

“உங்க புரோகிராம நீங்களே நம்பலயா?”

“அத நம்புறேன். பதிஞ்ச என்னைத்தான் நம்பல. அறுபத்தாறு.”

டாக்டர் வாய்க்குள் கழித்துப் பார்த்து, நான்கு கிலோவுக்கான மருந்தை ஏற்றினார்.

“அப்ப அட்டையெல்லாம் கழட்டிரலாமா?”

“ஒரு வாரம் தொங்கட்டுமே” என்றாள், பூனையை இறுகப் பிடித்தபடி.