இருநூத்திப் பதிமூணாம் நம்பர்

வாடகைக்குப் புத்தகம் கொடுக்கிறவளுக்கு ஊர்ல யாரு எந்தப் பக்கத்துல அழுதாங்கன்னு அத்துப்படி; அவ எங்க அழுவான்னுதான் ஒருத்தருக்கும் தெரியாது. கவுண்டருக்கு உள்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வெளிப்பக்கம் வர்றவங்களைப் பாத்தே ஆயுசைக் கழிக்கிற மக்களே, நான் புலம்பினா உங்களுக்குத்தான் புரியும்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல இருந்து நடக்கிற தூரம், மருந்துக்கடைக்கு மேல மாடியில எங்க வாடகை லைப்ரரி. என் பேரு பிலோமினா, வர்றவங்களுக்கு பிலோக்கா. வயசு நாப்பத்தொம்பது, கல்யாணம் ஆகல. ஏன்னு கேக்குறவங்களுக்குச் சொல்ல ஒரு பதில் தயாரா வச்சிருந்தேன். இப்ப யாரும் கேக்குறதில்ல, பதிலும் மறந்துபோச்சு.

கொலைகாரன் பேரு

ரிட்டையர் ஆன ஏட்டையா ஒருத்தர் எங்க உறுப்பினர். மர்ம நாவல் தவிர வேற எதையும் தொடமாட்டார். புதுசா வந்த ஒரு நாவல்ல, கொலைகாரன் பேரு மொதத் தடவை வர்ற இடத்துலயே பேனாவால வட்டம் போட்டு, "இவன்தான்"னு எழுதி வச்சிட்டார். அது ஏழாம் பக்கம்! அடுத்தடுத்து எடுத்தவங்க எல்லாம் மாடிப்படி ஏறி வந்து என் உசுரை வாங்கினாங்க.

அதுக்கப்புறம்தான் ஓனர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல கோடு போட்ட சீட்டு ஒட்டிருவோம். படிச்சவங்க கருத்தை அதுல எழுதலாம், முடிவை மட்டும் சொல்லக் கூடாது. பேர் போடக் கூடாது, உறுப்பினர் நம்பர் போதும். கடையில இருக்கிறவங்க எழுதவே கூடாது. அதுக்கு எதிர்ப்பக்கம் தேதிச் சீட்டு. யாரு எடுத்துட்டுப் போனாலும் நான் அவங்க நம்பரை எழுதித் தேதி முத்திரை குத்துவேன்.

"ஏன் ஏட்டையா, இப்படியா பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன். மனுசன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே சொன்னார்: "சர்வீஸ் முழுக்க ஒருத்தனையும் நான் சரியாச் சொன்னதில்லம்மா. இவனையாச்சும் சொல்லிக்கிறேனேன்னுதான்."

காதல் கதை

கனகாவுக்கு ஜவுளிக்கடையில வேலை. காலையில நின்னா ராத்திரி கடை பூட்டுற வரைக்கும் நிக்கணும். சாப்பாட்டு நேரத்துல ஓடிவந்து காதல் கதையா அள்ளிக்கிட்டுப் போவா. போன மாசம் ஒரு தடிப் புத்தகத்தை டொப்புன்னு கவுண்டர்ல போட்டா. கதாநாயகன் கொடைக்கானலுக்குக் கூட்டிட்டுப் போறான், மழையில நனையுறான், பாட்டா எழுதித் தள்ளுறான். எல்லாரும் ஆகா ஓகோன்னு சீட்டுல எழுதின புத்தகம் அது.

"என்னடி, புடிக்கலையா?"ன்னேன். "ஏக்கா, நானூறு பக்கத்துல ஒரு தடவையாச்சும் அவளுக்குக் கால் வலிக்குதான்னு கேட்டானா அவன்? இவனையெல்லாம் கட்டிக்கிட்டு என்ன செய்ய?"

எண்பத்தெட்டு

எண்பத்தெட்டாம் நம்பர் ஒட்டன்சத்திரத்துக்காரர். பேரு சுப்பிரமணி, சொந்த லாரியில காய்கறி லோடு ஏத்தி கேரளாவுக்குப் போற டிரைவர். லோடு இறக்கக் காத்துக் கிடக்கிற நேரமெல்லாம் வண்டியிலயே படிப்பாராம். ரெண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி வருவார். புத்தகத்தைத் தினசரித் தாள்ல சுத்திக் கொண்டாருவார், ஒரு கிரீஸ் கறை இருக்காது. எது வேணும்னு கேட்டா ஒரே பதில்தான்: "நீங்க பாத்துக் குடுக்கிறதுங்க." அதுக்கு மேல வாயைத் திறக்கவே மாட்டார்.

ஆனா சீட்டுல வேற மனுசன். ஒரு மர்ம நாவலுக்கு, "துப்பறியறவர் காபி குடிக்கிறதுக்கு அஞ்சு பக்கம், செத்துப்போன டிரைவரோட வீட்டுக்கு அரைப் பக்கம் இல்லை"ன்னு எழுதியிருந்தார். நான் தனியா உட்கார்ந்து சிரிச்சேன். அப்புறம் ஒரு தடவை, பெரிய அதிகாரி ஒருத்தர் எழுதின வாழ்க்கைக் கதை போய்த் திரும்பி வந்துச்சு. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

"முந்நூறு பக்கம் தன்னைப் பத்தி எழுதியிருக்கார். சம்சாரம் இறந்ததை ரெண்டு வரியில முடிச்சுட்டார். எனக்கு ஆறு வருசமாச்சு, மொத வரியே இன்னும் முடியலை. – 88."

நான் பண்ணின திருட்டு வேலை

அதுக்குப் பதில் எழுதாம இருக்க முடியலை. கடைக்காரி எழுதக் கூடாதுங்கிறது விதி. இருநூத்திப் பதிமூணாம் நம்பர் பேங்க்ல வேலை பாத்த ஒரு அம்மாவோடது, மாற்றலாகிப் போயி மூணு வருசமாச்சு. நம்பர் சும்மாதான கிடக்கு? அடுத்து அவருக்குக் கொடுக்க எடுத்து வச்ச புத்தகத்தோட சீட்டுல, எழுத்தைச் சாய்ச்சு எழுதினேன்: "88-க்கு: அதை முடிக்கணும்னு ஒரு அவசரமும் இல்லை. – 213."

ரெண்டு வாரத்துல கீழேயே பதில் வந்துச்சு: "நன்றிங்க. இப்படி யாரும் சொன்னதில்லை." அவ்வளவுதான், எனக்குப் பைத்தியம் புடிச்சுப்போச்சு. ஒரு வருசம் இப்படியே ஓடுச்சு. அவருக்குப் போற ஒவ்வொரு புத்தகத்தையும் மொதல்ல நான் படிச்சு, 213 பேர்ல கருத்து எழுதி, அப்புறம்தான் கொடுப்பேன். "இந்த ஜோடி சண்டையை நிறுத்தி எப்பதான் சோறு திங்கும்?"னு அவர் எழுதினா, "சண்டை போட ஒரு ஆள் இருக்கிறதே கொடுப்பினைதான்"னு அடுத்த புத்தகத்துல 213 சொல்லும். செவ்வாய்க்கிழமை வந்தா காலையிலயே நல்ல புடவையா எடுத்துக் கட்டுவேன். மாடிப்படியில செருப்புச் சத்தம் கேட்டா அவர்தானான்னு எட்டிப் பாப்பேன்.

ஆனா ஆளு எதிர்ல வந்து நின்னதும் என் வாய் இருக்கே, அது தன் வேலையைக் காட்டிரும். "ரெண்டு நாள் லேட்டு! இது என்ன உங்க வீட்டு அலமாரியா?"ன்னு பாய்வேன். சீட்டுல தேனா ஒழுகுறவ, கவுண்டர்ல மொளகா அரைப்பேன். ஒருநாள் அவரா வாயைத் திறந்தார். நான் ஆசையா நிமிர்ந்து பாத்தேன்: "அந்த 213 இருக்காங்களே, அருமையான மனசுங்க. தப்பா நினைச்சுக்காதீங்க, கொஞ்சம் மெதுவாப் பேசற ஆளா இருப்பாங்க போலிருக்குங்க."

தேதிச் சீட்டு

இந்த ஆடி பொறந்த மொதச் செவ்வாய். வெள்ளைச் சட்டை போட்டு, பை நிறைய ஆயக்குடிக் கொய்யாப்பழத்தோட வந்து நின்னார். நான் போன தடவை கொடுத்த காதல் கதை கையில இருந்துச்சு. ஒருத்தரை ஒருத்தர் விரும்பிக்கிட்டே, கடைசி வரைக்கும் சொல்லாத ரெண்டு பேரோட கதை. ரொம்ப நேரம் தயங்கிட்டு, "ஏனுங்க, அந்த 213-ஐ ஒருக்கா பாக்கணுமுங்க"ன்னார். மக கோயமுத்தூர்ல இருக்காளாம், வண்டியை வித்துட்டுத் தன்கூட வந்துரச் சொல்றாளாம். "போறதா இருக்கிறதான்னு அவங்களைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கேனுங்க. எப்ப வருவாங்கன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

நான்தான்னு சொல்றதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்? சொல்லலை. பயம். மெதுவாப் பேசற அருமையான மனசைத் தேடி வந்தவர்கிட்ட, நரைச்ச தலையும் காட்டுக் கத்தலுமா இந்த மூஞ்சியை எப்படிக் காட்டுறது? போதாததுக்கு நான் ஞாயிறு தவறாம மாதா கோயிலுக்குப் போற வேதக்காரி, அவர் வருசா வருசம் பழனிக்கு நடக்கிறவர். "அவங்க ஊரை விட்டே போயிட்டாங்க"ன்னு பட்டுனு சொல்லிட்டேன்.

அவர் தலையை ஆட்டினார். கையில இருந்த புத்தகத்தைச் சும்மா திருப்பினவர், கடைசிப் பக்கத்துல நின்னார். ஒரு பக்கம் 213 எழுதின கருத்து. எதிர்ப்பக்கம் தேதிச் சீட்டு. விரலை வச்சு ஒவ்வொரு நம்பரா இறங்கினார். 41, 107, அப்புறம் 88. இருநூத்திப் பதிமூணு இல்லை. எப்படி இருக்கும்? இருபத்தாறு வருசமா முத்திரை குத்துறவ, இல்லாத ஆளுக்கு ஒரு முத்திரை குத்தணும்னு ஒருநாளும் தோணலையே எனக்கு! எந்தப் புத்தகத்தை எடுத்துப் பாத்தாலும் அதே கதைதான்.

நிமிர்ந்து என்னைப் பாத்தார். என் பேனாவை வாங்கி நின்னபடியே எழுதி, புத்தகத்தை மூடி வச்சார். கொய்யாப் பையையும் பக்கத்துல வச்சார். "வர்றேனுங்க"ன்னு படி இறங்கிட்டார், அடுத்த புத்தகம் கேக்கலை. செருப்புச் சத்தம் கீழே போய் அடங்கினப்புறம்தான் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.

"213-க்கு: கதாநாயகி வாயைத் திறந்திருந்தா கதை பத்துப் பக்கத்துல முடிஞ்சிருக்கும். ஏன் திறக்கலைன்னு எழுத்தாளர் சொல்லவே இல்லை. நான் ஆடி முடியிற வரைக்கும் ஊர்லதான் இருப்பேன். – 88."

வெளிய போன புத்தகம்

மூணு நாள் யோசிச்சு அதுக்குக் கீழே பதில் எழுதினேன். சாய்ச்சு எழுதலை, என் சொந்தக் கையெழுத்துலயே: "88-க்கு: பயந்துதான் திறக்கலை. 213 நான்தான். போகாதீங்க. – பிலோமினா." பேர் போடக் கூடாதுங்கிற விதி போனாப் போகுது. எழுதி என்ன புண்ணியம்? படிக்க வேண்டியவர் வந்தால்ல? மூணு செவ்வாய் வெறுமனே போச்சு. உறுப்பினர் அட்டையில அவர் போன் நம்பர் இருக்கு. ஒன்பது எண்ணை அழுத்துறேன், பத்தாவதுல கை நின்னு போகுது. புத்தகத்தை அலமாரியில வைக்கவும் மனசு வரலை.

நேத்து மத்தியானம் கனகா வந்து, எல்லாரும் சொல்றாங்கன்னு அந்தக் காதல் கதையைக் கேட்டா. "அது வெளிய போயிருக்குடி, வேற எடு"ன்னேன். அவ கவுண்டர் மேல எட்டி என் மடியைப் பாத்தா. அப்புறம் என் மூஞ்சியைப் பாத்தா. "மடியிலயே வச்சுக்கிட்டு வெளிய போயிருக்குங்கிறீங்களே, ஏக்கா, இதுல வர்றவன் கால் வலிக்குதான்னு கேப்பானோ?"

ஒரு நாள் பிந்தினாலும் விடாம ஊரையே அதட்டின இந்த வாய்க்கு, ஆடி முடிய இன்னும் ஆறே நாள்னு தெரிஞ்சும், ஒரு "நான்தான்" வரமாட்டேங்குது.